பொருளாதாரம் சரிந்தால் ஆட்சியாளர்களைப் பழிக்கலாமா?

கேள்வி: பெருந்தொற்று, போர், உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு என எத்தனையோ காரணங்கள் இருக்க, ஒரு நாட்டின் பொருளாதாரம் படுத்துவிட்டால் ஆட்சியில் இருப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயந்தானா?

பதில்: சரிவு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. ஆனால், நிலைமை இன்னதென்று தெரிந்த பிறகும் எடுத்த முடிவுகளுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் மறு ஆண்டின் பெருந்தொற்றும் சுற்றுலா வருவாயை முடக்கியதற்கு, 2019 நவம்பரில் அதிபரான கோட்டாபய ராஜபக்ச காரணமல்லர். நாட்டின் பழைய கடன்களும் அவர் காலத்தில் மட்டும் வாங்கியவை அல்ல. ஆயினும், கடன் தவணைகள் வரிசைகட்டி நிற்பது தெரிந்தும், பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது அவருடைய அரசுதான். 2021இல் போதிய முன்னேற்பாடின்றி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்ததும் அதே அரசுதான். இலங்கை நாணயத்தின் மதிப்பை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று மாதக்கணக்கில் பிடித்துவைத்து அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தார்கள். இறக்குமதிக்கு டாலர் கிடைக்காமல் வணிகர்கள் தவித்த 2022 ஜனவரியில், முதிர்வடைந்த கடன்பத்திரத்துக்கு 50 கோடி டாலரை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தை முன்பே நாடியிருக்க வேண்டும் என்று அதே மாதத்தில் கோட்டாபயவே ஒப்புக்கொண்டார். மருந்துக்கும் டீசலுக்கும் அலைந்த மக்களுக்கு அந்த ஒப்புதலால் என்ன பயன்?

2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் என்ற ராஜபக்ச சகோதரர்கள் மூவரோடு மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அதிகாரிகளையும் சேர்த்தது மிகச் சரி என்பேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லி அவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஐஸ்லாந்தில் நடந்ததையும் கருத வேண்டும். 2008இல் மூன்று பெரிய வங்கிகள் விழுந்தபோது பிரதமராக இருந்த கெய்ர் ஹார்டேமீது தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வங்கிகளின் பேராசைக்கு அவரை மட்டும் பொறுப்பாக்க முடியாதுதான். 2012இல் ஒரே ஒரு குற்றச்சாட்டு மட்டும் உறுதியாயிற்று: இவ்வளவு பெரிய ஆபத்தைக் குறித்து முறைப்படி அமைச்சரவையைக் கூட்டிப் பேசவில்லை. தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. அதைச் சில்லறைக் குற்றம் என்று சிலர் தள்ளினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டம் கூடியிருந்தால், எந்த அமைச்சர் எச்சரித்தார், யார் மறுத்தார் என்பது பதிவாகியிருக்கும். குடிமக்கள் பின்னாளில் பொறுப்பைக் கேட்பதற்கு அந்தப் பதிவுதான் வேண்டும்.