ஆறு கிழக்கே, சைக்கிள் மேற்கே: டான்யூப் கேள்வி-பதில்

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் கரையோரமாகச் சுமார் 330 கி.மீ. சைக்கிள் பாதை. போகிறவர்களில் பெரும்பாலோர் ஆற்றோடு சேர்ந்து கிழக்கே போவார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் வியன்னாவில் தொடங்கி மேற்கே போக நினைப்பவர்களுடையவை.

ஆற்றை எதிர்த்துப் போனால் முழுக்க ஏற்றமாகத்தானே இருக்கும்? எனக்கு முழங்கால் வலி உண்டு.

வியன்னாவில் ஆறு கடல் மட்டத்திலிருந்து 160 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஓடுகிறது, பாசாவில் சுமார் 290 மீட்டரில். ஏறுவது மொத்தமே 130 மீட்டர் சொச்சம். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை; வீட்டு மாடிப்படியில் மூன்று படி உயரம் வராது. அதுவும் சீராக ஏறாது. இடையில் ஒன்பது நீர்மின் அணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே தண்ணீர் குளம் மாதிரி தேங்கி நிற்கும். அதனால் ஏற்றத்தில் பெரும்பகுதி அணையோரச் சரிவிலேயே முடிந்துவிடும், ஒரு நிமிட வேலை. முழங்காலைக் கெடுப்பது வேறொன்று: எதிர்க்காற்றில் கனமான கியரில் பிடிவாதமாக மிதிப்பது.

அப்படியானால் காற்று அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம், மேற்கே போகும் பயணத்தைக் காற்றை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். இங்கே அதிகம் அடிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருவது. கிழக்கே போகிறவரை அது பின்னாலிருந்து தள்ளும், நம்மை நெஞ்சில் தள்ளும். வியன்னாவிலிருந்து துல்ன் வழியாக கிரெம்ஸ் வரை சமவெளி, பாதை பெரும்பாலும் வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் போகிறது, ஒதுங்க ஒரு மரம் கிடைப்பது கஷ்டம். கால்கள் இன்னும் பழகாத முதல் இரண்டு நாளிலேயே இந்த இடம் வந்துவிடும். நான் போன இரண்டாம் நாள் பிற்பகலில், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தால் அதன் வாய் ஊளையிட்டது. மணிக்கு 12 கி.மீ. தாண்டவில்லை. எதிரே வந்த ஒரு பாட்டி கூடை வைத்த சைக்கிளில், பெடலைக்கூட மிதிக்காமல், எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

அதனால் முதல் நாள் துல்னோடு நிறுத்துங்கள், சுமார் 40 கி.மீ. அடுத்த நாள் விடிந்ததும் கிளம்பி, காற்று வலுப்பதற்குள் கிரெம்ஸைப் பிடித்துவிடலாம். பொதுவாகக் காலையில் காற்று சாதுவாக இருக்கும், உச்சிக்கு மேல் எழும்பும். வெயில் கணக்கும் இதற்கு ஒத்துவரும்: காலையில் சூரியன் முதுகில், மாலையில் நேரே கண்ணில். வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள். என்றாவது கீழ்க்காற்று அடித்தால் அன்று தங்கும் ஊரைத் தள்ளிப்போட்டு, போகிற வரைக்கும் போங்கள். அறைகளை முழுவதுமாக முன்பதிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கிரெம்ஸுக்கு அப்பால் பள்ளத்தாக்கு குறுகும், ஒதுங்க இடம் கிடைக்கும்.

வழிகாட்டி நூலைத் தலைகீழாகப் படித்தால் போதுமா?

போதும், ஆனால் 'இடது கரை' என்ற சொல்லில் பலர் மாட்டுகிறார்கள். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுதான் இடது, வலது சொல்வது வழக்கம். நமக்கு இடது கரை வலக்கைப் பக்கம் இருக்கும். பேசாமல் வடகரை, தென்கரை என்று பென்சிலால் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வழிப்பலகைகள் இரண்டு திசைக்கும் உண்டு. ஜிபிஎஸ் தடத்தைத் திருப்பிப் போட்டால் ஊர்களுக்குள் ஒருவழிச் சாலையில் எதிரே கொண்டுபோய் விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரையில் போவது?

கிரெம்ஸ் முதல் மெல்க் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கு, யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். வடகரையில் ஊர்களும் கூட்டமும், தென்கரை அமைதி. வடகரையில் டூர்ன்ஷ்டைனைப் பார்த்துவிட்டு ஸ்பிட்ஸில் படகேறிக் கடந்துவிடுவேன். அந்தப் படகுக்கு இன்ஜின் கிடையாது. மேலே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. ஜூலையில் போனால் ஆப்ரிகாட் பழம் சாப்பிடாமல் வராதீர்கள்.

லின்ஸ் நகரைத் தாண்டி, ஆறு வளைந்து திரும்பும் ஷ்லேகன் வளைவில் மட்டும் கவனம். அங்கே வடகரைப் பாதை ஓரிடத்தில் அறுந்துபோகிறது, மிச்சத்தைப் படகில்தான் கடக்க வேண்டும். லின்ஸிலிருந்து கிளம்பினால் மாலையில்தான் அங்கே போய்ச் சேருவீர்கள், கடைசிப் படகு போயிருக்கலாம். அதற்கு முன்பே வரும் ஆஷாக் ஊரிலேயே தென்கரைக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திரும்பி வர ரயில்?

உண்டு. தொலைதூர ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள். கோடையில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

எல்லோரும் வியன்னாவில் முடிக்கிறார்கள். பாசாவில் முடிப்பதில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பழைய கதை. இந்தப் பாதையின் பல பகுதிகள் அந்தக் காலத்தில் குதிரைகள் படகுகளைக் கயிறு கட்டி ஆற்றுக்கு எதிராக இழுத்துப்போன தடம். ஆற்றோடு போகும் படகுக்குக் குதிரை எதற்கு? ஆக, நாம் போகும் திசைக்காகத்தான் அந்தத் தடம் போட்டார்கள். நீராவிக் கப்பல் வந்த பிறகுதான் குதிரைகளுக்கு வேலை போனது.

பாசாவில் மூன்று ஆறுகள் சேருகின்றன. இல்ஸ் கறுப்பாக இருக்கும், இன் பால் கலந்த பச்சை. டான்யூபைவிட இன்தான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. வியன்னாவிலிருந்து ஒரு வாரம் பக்கத்திலேயே வந்த அகலமான ஆறு, அந்த முனையைத் தாண்டியதும் சட்டென்று பாதியாகிவிடும்.