வாசலில் தேவதாரு வளருமா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காங்கேயம் அருகே 20 சென்ட் நிலத்தில் வீடு கட்டியிருக்கிறோம். சிம்லாவில் பார்த்த தேவதாரு மரத்தை வாசலின் இருபுறமும் வைக்க ஆசை. கன்று கிடைக்கிறது, வளருமா ஐயா?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: வைக்க வேண்டாம் அம்மா. மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 மீட்டர் உயரம் வரை, குளிர்காலத்தில் பனி பொழியும் சரிவுகளில் வளர்வது தேவதாரு. இமாச்சலப் பிரதேசத்தின் மாநில மரமும் அதுவே. மழை குறைந்து, சித்திரை வெயில் தகிக்கும் காங்கேயத்தில், நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் குளிரைக் கொடுக்க முடியாது. கன்று சில காலம் பச்சையாக நின்றாலும், கோடை தாங்காமல் நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

வாசலுக்கு நான் சொல்வது செம்புளிச்சான். நம் வறண்ட முட்காடுகளில் இயல்பாக வளரும் இச்சிறு மரத்தைத் தேவதாரு என்றே அழைப்போரும் உண்டு. இமயத்து மரத்தோடு இதற்கு உறவில்லை என்றாலும், இதன் வைரமும் (தண்டின் கெட்டியான நடுப்பகுதி) மணமுள்ளது. சிவந்த சிறு பழங்களைத் தேடிப் பறவைகள் வரும். மெதுவாகத்தான் வளரும் என்பதால் பொறுமை வேண்டும்; ஆனால் சுவரையோ மின்கம்பியையோ அச்சுறுத்தாத மரம். சற்று விரைந்து நிழல் வேண்டுமானால் உசிலை வையுங்கள். அதன் இலையைக் காயவைத்துப் பொடித்த அரப்பைத் தலைக்குத் தேய்த்துக் குளித்த வீடுகள் நம் பகுதியில் ஏராளம். பின்வேலிக்குக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைத் துண்டுகள்) நட்டு, அதை ஒட்டி ஒரு வெள்வேல் நின்றால், நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் ஒரு துண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும். வெள்வேலில் முள் உண்டு, குழந்தைகள் ஓடியாடும் பக்கம் வேண்டாம்.

குழி எடுக்கும்போது கவனியுங்கள். உங்கள் பகுதியில் பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே சுக்காங்கல் என்னும் கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு வரும். அதைக் கடப்பாரையால் உடைக்காமல், மேலே நல்ல மண்ணை நிரப்பிக் கன்றை நட்டால், வேர் அந்தக் கல்லில் முட்டித் திரும்பி, மரம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் குட்டையாகவே நிற்கும். மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, அடுக்கை உடைத்து, மேல்மண்ணோடு மட்கிய எருவைக் கலந்து நிரப்புங்கள். பையைக் கிழித்ததும் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து, சுருண்ட நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க உதவும். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீரும், தூரைச் சுற்றித் தென்னை மட்டை மூடாக்கும் அவசியம்.

கேள்வி: எங்கள் தோட்டம் ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. மழையும் கிணற்று நீரும் உண்டு. தேவதாருவைப் போல ஓங்கி வளரும் நம் மரம் எது?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி வட்டம்

பதில்: சந்தன வேம்பு. மரவணிகத்தில் செந்தேவதாரு என்னும் பொருள்படும் பெயரில் வழங்குவது இதுதான். வேப்பங்குடும்பத்தைச் சேர்ந்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உரியது. குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிடும் என்பதை முன்பே அறிந்திருங்கள். குருத்துத் துளைப்பான் என்னும் புழு நுனியைத் துளைத்தால் ஒரே தண்டாகப் போக வேண்டிய மரம் பல கிளைகளாகப் பிரிந்துவிடும். வாடிய குருத்தை உடனே வெட்டி எரித்துவிட்டு, புதிதாக வரும் துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விடுங்கள். வீட்டிலிருந்து முப்பதடியாவது தள்ளி நடுங்கள்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சந்தனம் வைத்தேன், மஞ்சளாகி நிற்கிறது. என்ன குறை?
– ஒரு வாசகி, சத்தியமங்கலம்

பதில்: சந்தனம் தன் வேரை அண்டை மரங்களின் வேரோடு பிணைத்து உணவின் ஒரு பகுதியைப் பெறும் மரம், தனியாக நின்றால் தேறாது. இப்போதே அருகில் துவரை விதையுங்கள், சில அடி தள்ளி நிலையான துணையாக ஒரு சவுக்கோ புங்கனோ வையுங்கள். சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கத் தடையில்லை. ஆனால் வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம்.