எல்விஸுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்தவர்

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியின் ஆரம்பகாலப் பாடல்களில் கிட்டார் வாசித்தது யார்? அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்? ஏன் அவர் பெயர் வெளியே தெரியவில்லை?

அவர் பெயர் ஸ்காட்டி மூர். எல்விஸின் கையிலும் ஒரு கிட்டார் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் தாளத்துக்குத்தான். வரிக்கு வரி இடையில் புகுந்து பதில் சொல்லிவிட்டுப் போகும் கிட்டார், பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பு எல்லாம் மூருடையவை. நான் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்கும் யாரும் உட்கார்ந்து பாடமாகக் கேட்க வேண்டிய முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்வேன்.

1931 டிசம்பர் 27 அன்று டென்னசி மாநிலத்தில் காட்ஸ்டென் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தார். எட்டு வயதில் கிட்டாரைத் தொட்டார். பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்து, 1952-ல் வெளியே வந்து மெம்பிஸுக்குக் குடிபோனார். அங்கே குடும்பத்தாரின் சலவைக் கடையில் தொப்பி வேலை: அழுக்குத் தொப்பிகளைச் சுத்தம் செய்து, அச்சில் மாட்டி, உருவம் திருத்திக் கொடுப்பது. மாலையில் ஸ்டார்லைட் ராங்லர்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவில் வாசிப்பு. அந்தக் குழுவில் பெரிய பேஸ் வாத்தியம் வாசித்த பில் பிளாக், பகலில் டயர் தொழிற்சாலைத் தொழிலாளி.

வேலை முடிந்ததும் மூர் நேராகப் போகிற இடம் யூனியன் அவென்யூ 706-ம் எண்ணில் இருந்த சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். புதிதாக ஒரு சத்தம் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு இரண்டு பேருக்கும் இருந்தது. அந்தப் பேச்சில் எல்விஸ் என்ற பையனின் பெயர் அடிபட்டது. 1954 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, எல்விஸ் மூரின் வீட்டுக்கு வந்து பாடிக் காட்டினார். அன்று அவருக்கு வயது 19, மூருக்கு 22. பக்கத்தில் குடியிருந்த பில் பிளாக்கும் வந்து கேட்டார். இருவரும் அப்படி ஒன்றும் அசந்துபோகவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, ஸ்டூடியோவில் வைத்துப் பார்க்கலாம் என்ற அளவில்தான் சாமிடம் சொன்னார் மூர்.

மறுநாள் இரவு மூன்று பேரும் சன் ஸ்டூடியோவில். மெதுவான காதல் பாட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிப் பார்த்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. ஓய்வுக்கு நிறுத்தினார்கள். அப்போது எல்விஸ் திடீரென எழுந்து, ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினப் பாடகரின் 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத் துள்ளிக்கொண்டு விளையாட்டாகப் பாட ஆரம்பித்தார். பில் பேஸின் தந்திகளை அறைந்து கூடச் சேர்ந்தார். மூரும் கிட்டாரை எடுத்தார். கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. சாம் தலையை நீட்டி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை என்றார்கள். சரி, ஆரம்பத்திலிருந்து மறுபடி வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டேப்பை ஓட்டினார்.

அந்தப் பதிவில் டிரம்ஸே கிடையாது. இருப்பது ஒரு குரல், ஒரு சாதா கிட்டார், ஒரு பேஸ், ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், அவ்வளவுதான். ஆனாலும் கேட்கிறவருக்கு எங்கேயும் காலியிடம் தெரியாது. அதற்குக் காரணம் மூரின் வலது கை. மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞர்கள் இருவரின் வாசிப்பையும் ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு அவர் பழகிக்கொண்ட முறை அது. கட்டைவிரல் கீழ்சுருதித் தந்திகளில் மாறி மாறி ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டை எடுக்கும். கீழ்த்தந்திகளின் மேல் உள்ளங்கை ஓரம் லேசாகப் பட்டுக்கொண்டிருப்பதால் அந்த ஒலி நீளாமல், டக் டக்கென்று தாளம் மாதிரி விழும். ஒரே ஆள் தாளத்தையும் பதிலையும் சேர்த்துத் தருகிறார். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஓட வேண்டும், மனம் அந்தப் பக்கம் போனால் மெட்டு நின்றுவிடும்.

இதைவிட முக்கியம், எங்கே வாசிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்விஸ் ஒரு வரியைப் பாடும்போது கிட்டார் அடங்கிக் கிடக்கும். வரி முடிந்து அவர் மூச்செடுக்கும் இடத்தில் இரண்டே இரண்டு சொற்கட்டு, அப்புறம் மறுபடி விலகல். நல்ல பக்கவாத்தியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

எதிரொலியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாம் ஃபிலிப்ஸ் இரண்டு டேப் எந்திரங்களை வைத்து, ஒலியை இரண்டாவது எந்திரத்தின் பதிவுமுனை வழியாக அனுப்பி, சற்றுத் தள்ளி இருக்கும் வாசிப்புமுனையிலிருந்து திரும்ப எடுத்து மூல ஒலியோடு கலப்பார். நொடியில் ஒரு சின்னப் பங்கு தாமதமாக அதே ஒலி இன்னொரு முறை விழும். ஸ்டூடியோவில் சரி, மேடையில் அதற்கு எங்கே போவது? இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரில் ரே பட்ஸ் என்பவர், டேப் சுற்று உள்ளேயே ஓடும் எக்கோசோனிக் என்ற ஆம்ப்ளிஃபையரைக் கையால் செய்து விற்றுவந்தார். செட் அட்கின்ஸிடமும் அது இருந்தது. 1955-ல் மூரும் ஒன்று வாங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் பதிவான 'மிஸ்ட்ரி ட்ரெயின்' பாட்டில் கேட்பது அந்தப் பெட்டியின் ஒலிதான். அந்தப் பாட்டை முதலில் பாடியவர் ஜூனியர் பார்க்கர். அவருடைய அதே ரெக்கார்டின் இன்னொரு பக்கத்தில் இருந்த 'லவ் மை பேபி' பாட்டின் கிட்டார் வாசிப்பைத்தான் மூர் எடுத்துத் தன் பாணியில் மாற்றிக்கொண்டார். ராக் அண்ட் ரோல் பற்றிப் பேசும்போது குரூடப், பார்க்கர் பெயர்களை விட்டுவிடுவது பெரிய அநியாயம், அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

இனி பெயர் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி. சன் வெளியிட்ட இசைத்தட்டுகளை எங்கேயாவது பார்த்தால் லேபிளைக் கவனியுங்கள். எல்விஸ் பிரெஸ்லியின் பெயருக்குக் கீழே 'ஸ்காட்டி அண்ட் பில்' என்று அச்சிட்டிருக்கும். முதல் மேனேஜராகக் கையெழுத்துப் போட்டதும் மூர்தான், 1954 ஜூலையிலேயே. வருமானத்தில் எல்விஸுக்குப் பாதி, மற்ற இருவருக்கும் கால் கால் பங்கு என்று பேசிக்கொண்டார்கள். 1955 நவம்பரில் ஆர்சிஏ நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. அந்த ஒப்பந்தம் எல்விஸ் ஒருவருக்கானது. லேபிளிலிருந்து அந்த இரண்டு பெயர்களும் போயின. பிறகு மேனேஜரான கர்னல் டாம் பார்க்கரின் நிர்வாகம் வந்தபின் பங்கும் போய்ச் சம்பளமானது: பயணத்தில் இருக்கும் வாரம் 200 டாலர், சும்மா இருக்கும் வாரம் 100 டாலர். 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாட்டு அமெரிக்காவையே ஆட்டிய காலத்திலும் இதே கணக்குதான். எல்விஸோடு இருந்த பதினான்கு வருடத்தில் மொத்தம் கிடைத்தது 30,000 டாலரைச் சற்றுத் தாண்டும் என்று மூர் பின்னாளில் எழுதினார். 1957 செப்டம்பரில் அவரும் பில்லும் ராஜினாமா செய்தார்கள். பிறகு நாள்கூலி அடிப்படையில் திரும்பி வந்தார்கள். டாம் பார்க்கரைக் குறை சொல்பவர்கள் அதிகம். நான் எல்விஸையும் சேர்த்தே சொல்வேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறியிருக்கும்.

இந்த நெருக்கடி வருடங்களில்தான் அவருடைய துணிச்சலான வாசிப்புகளும் வந்தன. 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் 'ஹவுண்ட் டாக்' பாட்டை 31 முறை எடுத்தார்கள். அதில் இரண்டாவது தனி வாசிப்பு கரடுமுரடாக, கிழித்துக்கொண்டு போகும். அழகாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தையே மூர் அங்கே தூக்கிப் போட்டுவிட்டார். 'டூ மச்' பாட்டில் கை பழகாத சுருதியில் தனி வாசிப்பின் நடுவே வழி தவறிவிட்டார். எப்படியோ சரியான இடத்தில் வந்து சேர்ந்தார். எல்விஸ் அந்தப் பதிவையே வைத்துக்கொண்டார்.

1958-ல் எல்விஸ் ராணுவத்துக்குப் போனதும் மூர் ஃபெர்ன்வுட் என்ற சிறு ரெக்கார்ட் நிறுவனத்தில் தயாரிப்புப் பக்கம் திரும்பினார். அப்புறம் சாம் ஃபிலிப்ஸிடம் தயாரிப்பு மேலாளர். 1964-ல் வேறு நிறுவனத்துக்குச் சொந்த ஆல்பம் ஒன்று செய்ததில் அந்த வேலை போனது. நாஷ்வில் போய் ஒலிப்பதிவுப் பொறியாளரானார்.

1968 ஜூனில் என்பிசி தொலைக்காட்சிக்காக எல்விஸ் மறுபடி அழைத்தார். சின்ன மேடையில் சுற்றி உட்கார்ந்து வாசித்த அந்த நிகழ்ச்சியின் வீடியோவைப் பாருங்கள். டிரம்ஸ்காரர் டி.ஜே. ஃபொன்டானா கிட்டார் பெட்டியைத் தட்டித் தாளம் போடுவார். கொஞ்ச நேரத்தில் மூரின் கிப்சன் கிட்டார் எல்விஸின் மடிக்குப் போய்விடும். எல்விஸின் சாதா கிட்டாரை மூர் வாங்கி வைத்துக்கொண்டு தாளம் கொடுப்பார், முகத்தில் சிரிப்பு. ஐரோப்பா சுற்றுப்பயணம் போகலாமா என்று எல்விஸ் அப்போது கேட்டாராம். அது நடக்கவில்லை. மறு வருடம் லாஸ் வேகாஸுக்கு அழைப்பு வந்தபோது, கொடுக்க முன்வந்த பணம் நாஷ்வில் வேலையை விட்டுப் போகக் கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்துக்கு ஜேம்ஸ் பர்ட்டன் வந்தார். அதன்பிறகு மூரும் எல்விஸும் சந்திக்கவே இல்லை.

அப்புறம் இருபது வருடத்துக்கும் மேலாக அவர் பொதுவில் கிட்டாரைத் தொடவில்லை. 1970-ல் பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் நாஷ்வில் வந்து ஆல்பம் செய்தபோது ஒலிப்பதிவுப் பொறியாளராக உட்கார்ந்திருந்தவர் இவர்தான். 1992-ல் பழைய சன் பாடகர் கார்ல் பெர்கின்ஸோடு சேர்ந்து வாசித்து மீண்டும் வந்தார். எல்லாரும் எல்விஸாக ஆசைப்பட்டபோது தான் ஸ்காட்டியாக ஆசைப்பட்டதாகச் சொன்ன, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ், 1997-ல் மூரும் ஃபொன்டானாவும் செய்த ஆல்பத்தில் கூட வந்து வாசித்தார். 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் துணைக்கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் வரிசையிலேயே மூரைச் சேர்த்தது. 2016 ஜூன் 28 அன்று, 84 வயதில், நாஷ்வில்லில் காலமானார்.

எங்கிருந்து கேட்பது என்றால், சன் பதிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள். 'தட்ஸ் ஆல் ரைட்', அதன்பின் 'மிஸ்ட்ரி ட்ரெயின்'. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், கீழ்த்தந்தி கேட்காது, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிட்டுக் கட்டைவிரல் ஓட்டத்தை மட்டும் பிடியுங்கள், இரண்டாவது தடவை குரல் நிற்கும் இடங்களில் கிட்டார் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன்பிறகு 'ஹவுண்ட் டாக்' பக்கம் போகலாம்.