பல் டொக்டரிடம் முதல் தடவை: கேளுங்கள், அக்கா பதில் சொல்கிறார்

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் நெடுங்காலம் வேலை செய்தவர், திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

உப்புவெளி: மகளுக்கு ஒன்றரை வயது, பல்லில் ஒரு குறையும் இல்லை. இப்பவே காட்ட வேணுமா அக்கா?

ஓம். முதல் பிறந்தநாளுக்குள்ளேயே ஒருக்கா காட்டியிருக்கலாம், பரவாயில்லை. நோவோடு முதல் தடவை போகிற பிள்ளைக்கு அந்தக் கதிரையைக் கண்டாலே பிறகும் நோவுதான் ஞாபகம் வரும். இந்த வயதில் தனியே இருத்த மாட்டார்கள். நீங்களும் டொக்டரும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருப்பீர்கள். பிள்ளை உங்கள் மடியில், தலை மட்டும் அவர் மடியில். அழுவாள், அழட்டும். அழுகிற வாய் நன்றாகத் திறக்கும், எங்களுக்கு வசதி.

ஓர்ஸ் ஹில்: மகனுக்கு நாலு வயது. "குழப்படி செய்தால் டொக்டர் பல்லைப் பிடுங்குவார்" என்று அம்மம்மா வெருட்டி வைத்திருக்கிறா. அடுத்த கிழமை போக வேணும்.

அப்போ முதல் சிகிச்சை அம்மம்மாவுக்குத்தான்! அவரைக் கதிரையில் சாய்த்து, மகனை டொக்டராக்குங்கள். கையில் ஒரு டோர்ச், ஒரு கரண்டி. அம்மம்மாவின் பல்லை அவன் எண்ணட்டும் (எத்தனை மிச்சம் என்பது வேறு கதை). பிறகு அவனுடையதை நீங்கள் எண்ணுங்கள்: மேலே 10, கீழே 10.

"நோகாது, ஊசி போட மாட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவரை ஊசியை நினைக்காத பிள்ளையும் அப்போதுதான் நினைக்கும். "அழாவிட்டால் ஐஸ்கிரீம்" என்றாலும் அழ ஏதோ இருக்கிறது என்று பிடித்துவிடுவான். "உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் காணும். ஊசி போடுவாரா என்று அவனே கேட்டால் பொய் சொல்லாமல், "டொக்டரிடம் கேட்போம்" என்று விடுங்கள். போவதற்கு முதல் நாள் பின்னேரம் சொன்னால் போதும். நேரம் காலையாக இருக்கட்டும். நித்திரை தூங்கும் நேரத்தில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

மூதூர்: பால்பல் விழத்தானே போகுது, சூத்தையை அடைக்க வேணுமா?

முன்பல் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பால்பல் 10, 12 வயதுவரை சாப்பாட்டை அரைக்க வேண்டியது. இன்னொன்று: 6 வயதளவில் எதுவுமே விழாமல், பல்வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்துப் பழுதாக விடுகிறவர்கள்தான் அதிகம்.

தம்பலகாமம்: எங்கே கொண்டு போவது, செலவு?

3 வயதிலிருந்து 13 வரை அரச பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசம். அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் உங்கள் மிட்வைஃபைக் கேளுங்கள். கிளினிக் புத்தகத்தை எடுத்துப் போங்கள். இழுப்பு, இருதய வருத்தம் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.

நிலாவெளி: மகனைக் கொண்டு போனோம். வாயையே திறக்கவில்லை, திரும்பிவிட்டோம்.

கதிரையில் ஏறி இறங்கினானா? முதல் நாளுக்கு அது போதும். வரும் வழியில் ஏசாதீர்கள், இரண்டு கிழமை விட்டு மறுபடி போங்கள். ஆனால் கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.