வீடியோ ஏபிஐ: நிமிடக் கணக்கா, ஜிபி கணக்கா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தனியாக வெப் டெவலப்பர் வேலை பார்க்கிறேன். ஒரு நீட் பயிற்சி மையத்துக்குக் கட்டண இணையதளம் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். 60 மணி நேரப் பதிவுப் பாடங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு நேரலை வகுப்பும் வேண்டுமாம். மாணவர்கள் சுமார் 400 பேர். ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு மலைக் கிராமங்கள் வரை இருக்கிறார்கள். வீடியோ ஏபிஐ, அதாவது நம் தளத்தில் கோட் எழுதி இணைத்துக்கொள்ளும் வீடியோ சேவை என்று தேடினால், மக்ஸ், கிளவுட்ஃப்ளேர், பன்னி, அகோரா, டெய்லி என்று தேடத் தேடப் பெயர்கள் வருகின்றன. எதை எடுக்கலாம் சார்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மக்ஸ், கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம், பன்னி ஸ்ட்ரீம் மூன்றின் முக்கிய வேலை, நீங்கள் ஏற்றும் வீடியோவைப் பல தரங்களில் மாற்றி வைத்து, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப அனுப்புவது. அகோராவும் டெய்லியும் முகம் பார்த்துப் பேசுவதற்கானவை. இந்த ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்து எது மலிவு என்று கேட்பது, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் விலை கேட்டுவிட்டு லீ பஜார் மண்டியில் பேரம் பேசுகிற மாதிரி.

பதிவுப் பாடங்களை முதலில் பார்ப்போம், பணம் அதிகம் போவது அங்கேதான். ஒரு மாணவர் மாதம் 20 மணி நேரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பேருக்கு 8,000 மணி நேரம், அதாவது 4,80,000 நிமிடம். கிளவுட்ஃப்ளேர் ஸ்ட்ரீம் நிமிடக் கணக்கில் வசூலிக்கிறது: பார்க்கப்படும் 1,000 நிமிடத்துக்கு 1 டாலர், சேமித்து வைக்கும் 1,000 நிமிடத்துக்கு மாதம் 5 டாலர். உங்களுக்குப் பார்வைக்கு 480, சேமிப்புக்கு சுமார் 20, ஆக மாதம் 500 டாலர்.

பன்னி மாதிரி ஜிபி கணக்கில் வசூலிப்பவர்களிடம் கதையே வேறு. மாணவர் போனில் 360பி தரத்தில், விநாடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 270 எம்பி. 8,000 மணி நேரத்துக்கு 2,160 ஜிபி. ஜிபிக்கு 3 சென்ட் என்று வைத்தால் 65 டாலர்தான் ஆகிறது. உடனே அதையே எடுத்துவிடாதீர்கள். அதே மாணவர்கள் வீட்டு வைஃபையில், டிவியில், 1080பி தரத்தில் விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பார்க்க ஆரம்பித்தால் 18,000 ஜிபி ஆகிவிடும். பில் 540 டாலர். நிமிடக் கணக்கில் தரம் எதுவானாலும் விலை ஒன்றுதான். ஜிபி கணக்கில் தரம்தான் விலை.

உங்கள் மாணவர்கள் பெரும்பாலும் போனில், தினசரி டேட்டா வரம்பை எண்ணிக்கொண்டு பார்ப்பவர்கள். அதனால் பதிவுப் பாடங்களுக்கு ஜிபி கணக்குதான் என் பரிந்துரை. உச்ச தரத்தை 720பி-யோடு நிறுத்திவிடுங்கள். கூடவே ஆசிரியரிடம் போர்டில் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வேதியியல் சமன்பாடு 480பி-யில் தெளிவாகத் தெரிந்தால், எந்த ஏபிஐ மாற்றத்தையும்விட அது அதிகம் மிச்சப்படுத்தும். எந்தக் கணக்கானாலும் ஒன்று: பக்கம் திறந்தவுடன் வீடியோ தானாக ஓடும்படி வைக்காதீர்கள். மாணவர் பார்க்காமல் மூடினாலும் பஃபரில் இறங்கியதற்குக் காசு உண்டு.

நேரலை வகுப்புக்கு வருவோம். ஒரு ஆசிரியர் பேச 400 பேர் கேட்கிறார்கள் என்றால் அதற்கு வீடியோ கால் ஏபிஐ வேண்டாம். அங்கே ஆளுக்கு நிமிடத்துக்கு என்று மீட்டர் ஓடும். 400 பேர், 60 நிமிடம், மாதம் 4 வகுப்பு என்றால் 96,000 நிமிடம். 1,000 நிமிடத்துக்கு 4 டாலர் என்று வைத்தாலே 384 டாலர். இதையே சாதாரண நேரலை ஸ்ட்ரீமாக 1 டாலர் வீதத்தில் கொடுத்தால் 96-ல் முடியும். சில விநாடிகள் தாமதம் இருக்கும், இருக்கட்டும். சந்தேகத்தை சாட்டில் கேட்கட்டும். 15, 20 பேர் கொண்ட சந்தேக வகுப்பு தனியாக நடந்தால் அதற்கு மட்டும் அகோராவோ டெய்லியோ எடுங்கள். எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மீடியா சர்வர் மும்பை மாதிரி இந்திய நகரத்தில் இருக்கிறதா? வீடியோ கால்கள் வழக்கமாகப் போகும் யுடிபி என்ற வழி அடைபட்ட நெட்வொர்க்கில், டர்ன் சர்வர் என்னும் இடைத்தரகு சர்வர் வழியாக, சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டில் இணைப்பு கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள். காலேஜ், ஹாஸ்டல் வைஃபையில் உட்கார்ந்து ‘சார், கனெக்ட் ஆகலை’ என்று மாணவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வீடியோ கால் நடத்த லைவ்கிட், ஜிட்சி போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நீங்களே சர்வரில் போடலாமா என்றால், போடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க இன்னொரு ஆள் இருக்கும்போது.

‘யாரும் டவுன்லோட் பண்ணக் கூடாது’ என்று மையத்துக்காரர் சொல்லியிருப்பார், சொல்லாமல் இருக்க மாட்டார். சிறிது நேரத்தில் காலாவதியாகும் வீடியோ லிங்க், உங்கள் தளத்தில் மட்டும் ஓடும் பூட்டு, வீடியோ மேல் மாணவரின் போன் எண் மங்கலாக நகர்வது, இந்த மூன்றும் போதும் என்பது என் கருத்து. வைட்வைன், ஃபேர்பிளே மாதிரி டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்க வீடியோவையே பூட்டி அனுப்பும் முறை) வேண்டுமென்றால் அதையே முக்கியத் தொழிலாகச் செய்யும் இந்திய நிறுவனம் விடோசைஃபர் இருக்கிறது. ஆனால் இன்னொரு போனை வைத்துத் திரையைப் படம் பிடிப்பவரை எந்த டிஆர்எம்மும் தடுக்காது. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

விலைக்கு அடுத்தபடி நான் பார்ப்பது, வெளியே வரும் வழி. மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் மீடியா சர்வீசஸை 2024 ஜூன் 30-ல் மூடியது. ட்விலியோ தன் வீடியோ ஏபிஐயை நிறுத்தப் போவதாக 2023 டிசம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டே முடிவை மாற்றிக்கொண்டது. அதற்குள் எத்தனை பேர் தங்கள் புரோகிராமை மாற்றி எழுத ஆரம்பித்திருப்பார்களோ. நானும் பட்டவன்தான். ஒரு வேலையில் நிறுவனம் தந்த வீடியோ எண்ணை அப்படியே நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் விலையை ஏற்றியபோது வேறு இடம் மாற நினைத்தால், பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் பாடத்துக்கு என் டேட்டாபேஸில் என் சொந்த எண். அது எந்த நிறுவனத்தின் எந்த வீடியோ என்பது ஒரே ஒரு டேபிளில். அசல் எம்பி4 கோப்புகள் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும் கிளவுடிலும் இருக்கும். நீங்களும் முதல் நாளே இப்படிச் செய்துவிடுங்கள்.

அப்புறம் சோதனை. ஃபேர்லேண்ட்ஸ் ஃபைபரில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். இரண்டு நிறுவனங்களில் இலவச அல்லது சோதனைக் கணக்கு திறந்து, ஒரே பாடத்தை இரண்டிலும் ஏற்றிவிட்டு, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றோடு கோரிமேடு வழியாக ஏற்காடு பஸ் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும், உங்களுக்கு அதுதான் வேண்டும். அழுத்தியதிலிருந்து படம் வர எத்தனை விநாடி, எத்தனை முறை சுற்றி நிற்கிறது, சிக்னல் திரும்பியதும் தானாகத் தொடர்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒண்டிக்கடையில் இறங்கியதும் சந்தேக வகுப்புக்கான வீடியோ கால் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். படம் உறைந்தாலும் குரல் நிற்காமல் வருகிறதா என்பதுதான் அதில் முக்கியம்.

கடைசியாகப் பணம் கட்டும் விஷயம். டாலர் பில்லுக்கு மேல் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்; கிளையன்டுக்குத் தரும் மதிப்பீட்டில் அதையும் போடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி மாதத் தானியங்கிப் பிடித்தம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும். கவனிக்காமல் விட்டால் பணம் போகாது. தேர்வுக்கு முந்தின வாரம் வீடியோக்கள் நின்று போகலாம். அதனால் கணக்கை மையத்தின் பெயரிலேயே, அவர்கள் கார்டிலேயே திறக்கச் சொல்லி, நீங்கள் டெவலப்பர் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி ஒரு வரம்பும் வைத்து, அந்த மின்னஞ்சல் உங்கள் இருவருக்கும் வருமாறு செய்துவிடுங்கள்.