பகடையை மறைத்தால் ஏமாற்றா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலருக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி ஆடுவது. சூழலை நான் சொல்வேன், முடிவு தெரியாத இடத்தில் பகடை தீர்மானிக்கும். நாங்கள் ஆடுவது பழைய பாணி. 1981இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பேசிக் விதிகள். பகடையை எல்லோர் கண்ணெதிரிலும் உருட்டுவேன். விழுந்தது விழுந்ததுதான்.

அண்மையில் ஒரு தோழி புதிதாகச் சேர்ந்தார். இணையத்தில் ஒளிபரப்பாகும் ஆட்டங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர். தன் பாத்திரத்துக்கு ஆறு பக்கத்தில் பின்கதை எழுதிக் கொண்டுவந்தார். தொலைந்துபோன அக்காவைத் தேடி அலையும் ஒரு திருடி. நன்றாக இருந்தது, மனதாரப் பாராட்டினேன். முதல் அமர்விலேயே அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். பூட்டில் விஷ ஊசி. பகடை கைவிட்டது, திருடி செத்தாள். அடுத்த அமர்வுக்குத் தோழி வரவில்லை.

இப்போது குழுவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. “திரைக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிவிடும்?” என்கிறார் ஒருவர். “அது ஏமாற்று, அப்படி நடத்தினால் நான் வரமாட்டேன்” என்கிறார் இன்னொருவர். பாத்திரம் சாவதா பிழைப்பதா என்று ஆடுபவரே முடிவுசெய்யும் ஆட்டங்களுக்கு மாறச் சொல்கிறார் மூன்றாமவர். இடையில் ஒருவர் இந்த ஆட்டங்களை ஆடும் முறைகளை ஆறாகப் பிரிக்கும் ‘ஆறு விளையாட்டுப் பண்பாடுகள்’ என்ற பகுப்பை ஒரு கட்டுரையிலிருந்து கொண்டுவந்தார். சமாதானம் ஆகும் என்று நினைத்தேன். ஆளுக்கொரு பெயரை மாட்டிக்கொண்டு இன்னும் மும்முரமாகச் சண்டை போடுகிறார்கள். யார் பக்கம் நியாயம்? நான் செய்தது தவறா?

க.

அன்புள்ள க.,

அந்த ஆறு பெயர்களை முதலில் ஒதுக்கிவைப்போம். 2021இல் வந்த அந்தக் கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் பெரும்பாலான மேசைகள், அதாவது ஆடும் குழுக்கள், கலப்படமானவை என்று அதுவே சொல்கிறது. சண்டை போடுகிறவர்கள் அந்த வரியை மட்டும் படிப்பதில்லை. இதுவொன்றும் புதிதல்ல. 1980இலேயே ‘டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்’ என்ற ரோல்பிளேயிங் பத்திரிகையில் ஒருவர் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். தொண்ணூறுகளில் இணையக் குழுக்கள் அதை மூன்றாக்கின. 1999இல் ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் வேறொரு மூன்றைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றி பத்தாண்டுக்கு மேல் வாக்குவாதம் ஓடியது. ஒவ்வொரு பகுப்பும் மனிதர்களைச் சமாதானப்படுத்த வந்தது, ஒவ்வொன்றும் ஆயுதமாகத்தான் முடிந்தது. “நீ இந்த வகை” என்று சொல்லிவிட்டால் எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டியதில்லை அல்லவா!

ஒரு மேசையின் பண்பாட்டை அறிய எனக்கு ஒரே கேள்வி போதும். இந்த மேசையில் எது ஏமாற்று? பகடை எண்ணை மாற்றிச் சொல்வது உங்கள் நண்பர் ஒருவருக்குத் துரோகம், இன்னொருவருக்குப் பரிவு. மூன்றாமவர் சொல்லும் ஆட்டங்கள் சிலவற்றில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அபோகலிப்ஸ் வேர்ல்டில் (2010) நடத்துபவர் பகடையைத் தொடுவதில்லை. ஆடுபவர் இரண்டு ஆறு பக்கப் பகடைகளை உருட்டுகிறார். பாத்திரத்தின் திறன் எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது கைகூடும். ஏழு முதல் ஒன்பது வரை என்றால் கைகூடும், ஆனால் அதற்கொரு விலை கொடுக்க வேண்டும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் நடத்துபவரின் முறை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

துரோகம் என்று சொல்பவர் பழைய காலத்தைத் துணைக்கு அழைப்பார். அவரிடம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இல் நடத்துபவர்களுக்காக எழுதிய டன்ஜன் மாஸ்டர் கையேட்டைக் காட்டுங்கள். வேண்டும்போது பகடையை மீறும் உரிமை நடத்துபவருக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவரின் பாத்திரத்தைக் கெட்ட உருட்டல் ஒன்று கொன்றுவிட்டால், மயக்கத்தோடோ ஓர் அங்க இழப்போடோ விட்டுவிடலாம் என்கிறார். ‘பழைய பாணி’ என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி 2000க்குப் பிறகு திரும்பிப் பார்த்துக் கட்டப்பட்டது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது, எனக்கும் பிடித்த ஆட்டம்தான். ஆனால் ‘ஆதியிலிருந்தே இப்படித்தான்’ என்ற வாதம் மட்டும் செல்லாது.

பரிவு என்று சொல்பவரும் தன் கட்சி இணைய ஒளிபரப்புகளோடு பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1984இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வெளிவரத் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசங்களில் கதைக்குத் தேவையான பாத்திரம் இறந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லும் விதி இருந்தது. பின்னால் திரும்பி வரலாம் அல்லவா. நாற்பது ஆண்டுக் கதை இது.

இப்போது ஊசிக்கு வருவோம். உங்கள் விதிநூலில் முதல் நிலைத் திருடன் பொறியைக் கண்டுபிடிக்க வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு ஒரேயொரு நான்கு பக்கப் பகடை. விஷம் ஏறி, அதிலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவும் தோற்றால் அந்தப் புள்ளிகளும் உதவாது, சாவுதான். இவ்வளவு பலவீனமான பாத்திரத்தை வைத்துப் பழைய பாணி எப்படி ஆடப்படுகிறது? கேட்டுக் கேட்டு. பூட்டு எப்படி இருக்கிறது, சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா, தள்ளி நின்று கோலால் மூடியை நெம்பலாமா, பெட்டியைக் கவிழ்த்துப் பின்பக்கப் பலகையை உடைக்கலாமா. திறமை ஆடுபவரின் கேள்வியில் இருக்கிறது. பகடையைத் தொட நேர்ந்தாலே ஏதோ தப்பிவிட்டது என்று பொருள். உங்கள் பழைய நண்பர்கள் இதைப் பல பாத்திரங்களைச் சாகக் கொடுத்துக் கற்றிருப்பார்கள்.

உங்கள் தோழி கற்றது வேறு. அவர் பார்த்த ஆட்டங்களில் திருடி என்றால் பூட்டு அவளுக்கு எளிது, “சோதிக்கிறேன்” என்று சொல்லி இருபது பக்கப் பகடையை உருட்டினால் போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் பெரும்பாலும் உடனே சாவு கிடையாது. பிழைக்க உருட்டும் பகடையில் மூன்று முறை தோற்க வேண்டும், அதற்குள் யாராவது ஓடிவந்து காப்பாற்றிவிடலாம். அவர் அஜாக்கிரதையாகப் பெட்டியைத் திறக்கவில்லை. தான் அறிந்த ஆட்டத்தைச் சரியாகத்தான் ஆடினார்.

நீங்கள் பகடையை மாற்றாதது தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஊசியைப் பற்றி அவருக்கு முன்கூட்டி எந்தக் குறிப்பும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பழைய பாணியை மதிப்பவர்களே இதைக் குறை சொல்வார்கள். பொறி கொல்லலாம், ஆனால் கவனிப்பவருக்கு அது தெரிய வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் விரல் கறுத்த ஒரு பிணம் கிடந்திருந்தால் அவரும் யோசித்திருப்பார்.

இதைவிடப் பெரியது அந்த ஆறு பக்கம். அதை வாங்கிப் படித்துப் பாராட்டியபோது, இந்த அக்காவைத் தேடும் கதை நடக்கும் என்று நீங்கள் வாயால் சொல்லாமலே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போதே, ஆட்டம் தொடங்கும் முன்பே, அது செத்துப்போகலாம். சிரித்துவிட்டு அடுத்ததை உருட்டினார்கள். அவர்கள் யாரும் அதற்குள் ஆறு பக்கம் எழுதியிருக்கவில்லை. “இங்கே திருடர்கள் சீக்கிரம் சாவார்கள், பெயரும் ஒரு ஆசையும் போதும், மிச்சத்தை ஆடி ஆடிச் சேர்ப்போம்” என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் ஒன்று வேறு மாதிரி எழுதியிருப்பார், அல்லது “இது எனக்கானதல்ல” என்று விலகியிருப்பார். இரண்டுமே இப்போது நடந்ததைவிட மேல்.

மூன்றாமவரின் யோசனையையும் தள்ள மாட்டேன். ஆடுபவர் சம்மதிக்காமல் பாத்திரம் சாகாத ஆட்டங்களில் தோல்விக்கும் இழப்புக்கும் குறைவிருக்காது. உயிரைத் தவிர மற்றதெல்லாம் பணயத்தில் இருக்கும். ஆனால் இருட்டில் ஒரு கதவைத் திறக்கும்போது வரும் பயம் அங்கே கிடைக்காது. அந்தப் பயத்துக்காகவே வருகிற நண்பர் உங்களிடம் ஒருவராவது இருக்கிறார். ஆட்டத்தை மாற்றினால் சண்டை தீராது, வருத்தப்படும் ஆள்தான் மாறுவார். அப்படியானால் இரண்டு மேசை போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒரே குழுவாக இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் இந்தச் சண்டைகள் வளர்கின்றன என்பது என் எண்ணம்.

தோழியிடம் நேரில் பேசுங்கள். விதிநூலைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். திருடியை உயிர்ப்பித்துத் தருவதாகச் சொல்ல வேண்டாம், மற்றவர்கள் அதை மன்னிக்க மாட்டார்கள், அவருக்கும் அது பிச்சையாகத் தோன்றும். அவர் எழுதிய பக்கங்களில் ஓர் அக்கா இருக்கிறாளே, அவளை எடுத்து ஆட விருப்பமா என்று கேளுங்கள். தங்கை தன்னைத் தேடி அலைந்து செத்தாள் என்ற செய்தி வந்து சேரும் ஒருத்தி. சாவும் மாறாது, எழுதியதும் வீணாகாது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், அந்தக் கதை அவருடையது.

சரி என்றால், அடுத்த அமர்வின் முதல் அரைமணியில் பேசவேண்டியதைப் பேசுங்கள். யார் சாகலாம், ஆபத்தின் அறிகுறி எவ்வளவு தெரியும், பகடை எங்கே விழும், பின்கதை எத்தனை வரி. திரை வைப்பதா வேண்டாமா என்று அவர் வருவதற்கு முன்பே நீங்களெல்லாம் கூடி முடிவெடுத்துவிடாதீர்கள். அவரும் அந்த மேசையில் இருக்கும்போது முடிவாகட்டும்.