திசு வளர்ப்பு ஆய்வகம்: நாங்குநேரியா, நாகர்கோவிலா?

வணக்கம். மட்டி வாழைக் கன்றுகளைத் திசு வளர்ப்பில் (தாய்ச்செடியின் சிறு திசுவை ஆய்வகக் குடுவையில் வளர்க்கும் முறை) பெருக்கி உள்ளூர் விவசாயிகளுக்கு விற்கும் ஆய்வகத்தை, வருமான வரிச் சலுகையை எண்ணி நாகர்கோவிலை விட்டு நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஏற்றுமதியை ஊக்குவிக்கத் தனி வரி, சுங்க விதிகளுடன் அமைந்த அத்தகைய மண்டலங்களில் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழுமையாகவும் அடுத்த 5 ஆண்டுகள் பாதியாகவும் கிடைத்துவந்த விலக்கு, 2020-க்குப் பிறகு தொடங்கும் புதிய தொழில் அலகுகளுக்கு இல்லை. இடம் விற்கும் தரகர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். தவிரவும், மண்டலத்திலிருந்து உள்நாட்டில் விற்றால் அது இறக்குமதியாகவே கருதப்பட்டு உரிய சுங்க வரிக்கு உட்படும் என்பதால், தோவாளை விவசாயிக்குக் கன்று அனுப்பும் தொழிலுக்கு அந்த ஏற்பாடு பொருந்தவே பொருந்தாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாற்றங்காலில் வளர்த்த நாற்றுகளின் வருமானத்தை வருமான வரிச் சட்டம் வரிவிலக்குள்ள வேளாண் வருமானமாகக் கருதுகிறது. ஆய்வகக் குடுவையில் பெருக்கிய கன்றுக்கும் இது பொருந்துமா என்பதில் வழக்குகள் எழுந்ததுண்டு. ஆகவே, கன்றுகளை நிழல்வலைக் கூடாரத்தில் கடினப்படுத்தும் (வெளிச்சூழலுக்குப் பழக்கும்) கட்டத்துக்குப் பதிவேடும் செலவுக் கணக்கும் தனியே வைத்து, தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கலந்தாலோசியுங்கள். இயந்திரங்களுக்கான மாநில முதலீட்டு மானியம் பற்றிக் நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போய்வருவது நல்லது.